ஓரிருக்கையின் பொறுப்பு: அமெச்சூர் இசைக்குழுவும் துளைக்கருவிக் கலைஞனின் ஆயத்தமும்

விலைக்கு விற்கப்படாத கலைக்கு உழைப்பும் வேண்டியதில்லை எனும் எண்ணம் மேனாட்டுச் சிம்பொனி இசைக்குழுக்களைச் சார்ந்த அமெச்சூர்க் கலைஞர் பலரிடையே நிலவிவருகின்றது. பகலிலே வைத்தியராகவோ ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ கடமையாற்றிவிட்டு, வாரத்தில் ஒருநாள் மாலையிலே கருவிப் பெட்டியுடன் ஒத்திகை மண்டபத்துக்கு வந்துசேர்பவர்கள் இவர்கள். தமக்குரிய பகுதித்தாளை முதன்முதலாக அம்மண்டபத்திலேயே விரித்துப் பார்ப்பதை இவர்களிற் சிலர் ஒரு குறையாகக் கருதுவதில்லை. தொழிலாக வாசிப்பவனுக்கே ஆயத்தம் கடமை, இன்பத்துக்காக வாசிப்பவனுக்கு ஒத்திகையே ஆயத்தம் என்பது இவர்களின் நியாயம். கேட்பதற்கு இது அடக்கமான கூற்றுப் போலத் தோன்றும். ஆயின் அடக்கத்தின் போர்வையில் ஒளிந்திருப்பது அலட்சியமே. புளூற், ஓபோ, கிளாரினெற், பசூன் ஆகிய துளைக்கருவிகளை வாசிப்போரைப் பொறுத்தவரை அது அலட்சியம் மட்டுமன்று, அருகிருப்போருக்கு இழைக்கப்படும் அநீதியுமாகும்.

அமெச்சூர் எனும் சொல் நேசித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. நேசிப்பவன் என்பதே அதன் முதற்பொருள். திறன் குறைந்தவன் என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்ட கறையாகும். அக்கறை படிவதற்கு முன்னர் ஐரோப்பாவின் பொது இசை வாழ்வைக் கட்டியெழுப்பியதில் இந்நேசிப்போரின் பங்கு சிறிதன்று. வியன்னா நகரில் 1812 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இசை அன்பர் சங்கத்தின் தொடக்ககாலக் கச்சேரிகளிற் பெரும்பாலும் வாசித்தோர் அமெச்சூர்க் கலைஞர்களே. அதே நகரில் சூபேட்டின் குடும்பத்தார் வீட்டில் நடாத்திய நால்வர் நரம்பிசை படிப்படியாக விரிந்து, நண்பர்கள் கூடும் ஒரு தனியார் இசைக்குழுவாக வளர்ந்தது. சூபேட் அதிலே வியோலா வாசித்தார். அவர் 1816 ஆம் ஆண்டு இயற்றிய ஐந்தாவது சிம்பொனி முதன்முதலில் ஒலித்தது அக்குழுவிலேயே. அதில் ஒரு புளூற், இரு ஓபோ, இரு பசூன் ஆகியன உண்டு. கிளாரினெற்றும் இல்லை, எக்காளமும் இல்லை, பேரிகையும் இல்லை. இன்று உலகின் தலைசிறந்த குழுக்கள் வாசித்து மகிழும் ஒரு படைப்பு அமெச்சூர்களின் கூடத்திற் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. சூபேட் தமது பெரிய சி மேஜர் சிம்பொனியை 1826 ஆம் ஆண்டு மேற்கூறிய இசை அன்பர் சங்கத்துக்கே காணிக்கையாக்கினார். அது மிக நீண்டது, மிகக் கடினமானது என ஒதுக்கிவைக்கப்பட்டது. 1828 ஆம் ஆண்டு அவர் இறந்தபோது அப்படைப்புப் பொதுமேடை ஏறியிருக்கவில்லை. பின்னர் சூமான் அதன் கையெழுத்துப் பிரதியை சூபேட்டின் தமையனாரிடத்தே கண்டெடுக்க, மென்டெல்சோன் 1839 ஆம் ஆண்டு லைப்சிக் நகரிலே அதனை அரங்கேற்றினார். ஒரு மாபெரும் படைப்பு, அதனை நேசிப்பதாகக் கூறிக்கொண்டோரின் கைகளிலேயே உறங்கிக் கிடந்தது.

அமெச்சூர்கள் திறனற்றோர் என்பதற்கு இதனைச் சான்றாக்குவோர் உளர். அவர்கள் அடுத்த நிகழ்ச்சியையும் நோக்குதல் வேண்டும். மென்டெல்சோன் 1844 ஆம் ஆண்டு இலண்டனில் இதே சிம்பொனியை ஒத்திகைக்கு எடுத்தபோது, இறுதிப் பாகத்தில் ஓயாது திரும்பிவரும் மும்மைச் சுரங்களைக் கண்டு சிரித்தவர்கள் ஊதியம் பெறும் தொழின்முறைக் கலைஞர்கள். அவர் அதனைக் கைவிடவேண்டியதாயிற்று. ஆகவே ஊதியம் பெறுதலும் பெறாமையும் இங்கு உரைகல் அல்ல. கடினமான ஒன்றின் முன்னால் அதற்குரிய உழைப்பைச் செலுத்த மனம் ஒப்புகின்றதா இல்லையா என்பதே உரைகல். ஊதியமற்ற கலைஞன் இவ்வுரைகல்லிலிருந்து தனக்கு விலக்குக் கேட்பானாயின், மாபெரும் படைப்புகளை வாசிக்கும் உரிமையையும் அவன் தானாகவே துறந்தவனாகின்றான்.

துளைக்கருவிக் கலைஞனைத் தனித்துச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. சிம்பொனி இசைக்குழுவில் முதல் வயலின் பகுதியைப் பத்துப் பன்னிருவர் சேர்ந்து வாசிப்பர். அவர்களில் ஒருவர் தடுமாறினால் ஏனையோரின் ஒலி அதனை மூடிவிடும். துளைக்கருவிகளின் நிலை அவ்வாறன்று. பீற்றோவன் காலத்துக் குழுவில் புளூற், ஓபோ, கிளாரினெற், பசூன் ஆகிய ஒவ்வொன்றிலும் இவ்விருவர். எண்மருக்கும் எட்டுத் தனிப் பகுதிகள். இரண்டாவது பசூன் கலைஞன் வாசிக்கத் தவறும் சுரத்தை அம்மண்டபத்தில் வேறெவரும் வாசிக்கப்போவதில்லை. அச்சுரம் ஒரு சுரக்கூட்டின் அடித்தளமாயின், அதன்மேல் நிற்கும் ஏழு பேரும் அந்தரத்தில் நிற்பர். இருக்கை ஒன்று, ஆள் ஒருவன், பொறுப்பும் அவனுடையதே.

பீற்றோவனின் ஐந்தாவது சிம்பொனியின் முதற்பாகத்தில், குழு முழுவதும் அடங்கி நிற்க, முதல் ஓபோ மாத்திரம் சில கணங்கள் தனித்துப் பேசுகின்றது. சூபேட்டின் முற்றுப்பெறாத சிம்பொனியில், நரம்புக்கருவிகளின் மெல்லிய அதிர்வின்மேல் ஓபோவும் கிளாரினெற்றும் ஒரே மெட்டை ஒரே சுருதியில் இணைந்து வாசிக்கின்றன. இரண்டில் எது ஒலிக்கின்றதெனப் பிரித்தறிய முடியாத ஒரு மூன்றாவது நிறம் அங்கே பிறத்தல் வேண்டும். இருவரில் ஒருவர் இசைத்தாளை அன்றுதான் காண்பவராயின் அந்நிறம் பிறவாது. மற்றவர் எத்தனை மாதம் உழைத்திருந்தாலும் அவ்வுழைப்பு வீணாகும்.

அமெச்சூர்க் கலைஞனுக்கு நேரமில்லை என்பது எதிர்த்தரப்பினர் முன்வைக்கும் வலிமைமிக்க வாதமாகும். அது பொய்யன்று. பிழைப்புக்கான தொழிலும் குடும்பமும் அவனுடைய நாளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆயின் நேரத்தின் அருமையே ஆயத்தத்தின் தேவையை உணர்த்துகின்றது. அறுபது பேர் கூடியிருக்கும் ஒத்திகையில் ஒருவனுடைய ஆயத்தமின்மையாற் பத்து நிமிடங்கள் விரயமாயின், விரயமானது பத்து நிமிடமன்று. அறுபது பேருடைய பத்து நிமிடங்களைக் கூட்டினால் பத்து மணித்தியாலம். தனது வீட்டில் மூன்று மாலை அரைமணி நேரம் செலவிட விரும்பாதவன், தன்னைப் போலவே நேரமற்ற தோழரின் பத்து மணித்தியாலத்தைத் தயக்கமின்றிச் செலவழிக்கின்றான். நேரமின்மையை நியாயமாகக் காட்டும் உரிமை அவனுக்கு இல்லை.

இதற்கு நேரெதிரான பிழையொன்றும் உண்டு. அது கடும் உழைப்பின் தோற்றத்தில் வருவதாற் பெரும்பாலும் கண்டிக்கப்படுவதில்லை. சிலர் தமது பகுதியை மாதக்கணக்காகத் தனியறையிற் பயில்வர். ஒவ்வொரு சுரமும் விரல் நுனியில் நிற்கும். ஆயின் அப்பகுதி எதனுடைய பகுதி என்பதை அவர்கள் அறியார். கடினமான ஓட்டத்தைக் குறித்த வேகத்திற் பிசகின்றி வாசிக்கும் கிளாரினெற் கலைஞன், அவ்வோட்டம் புளூற்றின் மெட்டுக்குப் பின்புலமாக மெல்ல ஒலிக்கவேண்டியது என்பதை அறியாமல் முழங்கித் தள்ளுவதுண்டு. முதலாமவன் வெறுங்கையுடன் வந்து குழுவைக் குலைக்கின்றான். இவனோ தனியாகக் கட்டிய கோட்டையைச் சுமந்துகொண்டு வந்து குலைக்கின்றான். ஆயத்தம் என்பது விரற்பயிற்சி மாத்திரமே எனக் கொண்டதன் விளைவு இது.

துளைக்கருவிகளின் இயல்பை நோக்கினால் இப்பிழையின் ஆழம் புலனாகும். உரத்து ஊதும்போது புளூற்றின் சுருதி ஏறும் இயல்புடையது. கிளாரினெற்றின் சுருதியோ இறங்கும். மெல்ல ஊதுங்கால் இது தலைகீழாகும். ஆகவே இருவரும் சேர்ந்து ஒலியைப் பெருக்கிச் செல்லும் ஓரிடத்தில் ஒருவரையொருவர் செவிமடுக்காவிடின், ஒவ்வொருவரும் தனித்தனியே சரியாக வாசித்தும் சேர்ந்து பிழையாக வாசிப்பர். ஒரு மேஜர் சுரக்கூட்டின் மூன்றாவது சுரத்தைத் தாங்குபவனின் நிலை இன்னும் நுட்பமானது. அரைச்சுர இடைவெளியை நூறு பங்காக வகுத்தால், பியானோவில் ஒலிக்கும் மூன்றாஞ் சுரத்தைவிட ஏறத்தாழப் பதினான்கு பங்கு தாழ்த்தி வாசித்தாலே கூட்டு அதிர்வின்றி ஒன்றி ஒலிக்கும். அதே சுரம் அடுத்த கணத்தில் வேறொரு கூட்டின் அடிச்சுரமாகிவிடின் அத்தாழ்ச்சி பிழையாகும். தனது சுரம் கூட்டின் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைப் பகுதித்தாள் ஒருபோதும் சொல்லாது. முழுச் சுரப்பிரதியே அதனைச் சொல்லும்.

இவ்வுண்மை புதியதன்று. பிரசிய மன்னன் இரண்டாம் பிரெடெரிக்கின் புளூற் ஆசானாகிய குவான்ற்ஸ் 1752 ஆம் ஆண்டு பேர்லினில் வெளியிட்ட நூல் பெயரளவிற் புளூற் வாசிப்புப் பற்றியது. ஆயினும் அதன் பெரும் பகுதியொன்று உடன் வாசிப்போரின் கடமைகளையே பேசுகின்றது. அம்மன்னனும் ஓர் அமெச்சூர்க் கலைஞனே என்பது நினைவுகூரத்தக்கது.

எனவே ஆயத்தம் எங்கே தொடங்குதல் வேண்டும்? கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். முழுச் சுரப்பிரதியை விரித்துவைத்து, படைப்பை ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளிற் கேட்டல் முதற்படி. ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பவன் அந்நெறியாளரின் பழக்கங்களைப் படைப்பின் இயல்பென மயங்குவான். சுரப்பிரதி கிடைப்பதில்லை எனும் பழைய சாட்டு இன்று செல்லுபடியாகாது. பதிப்புரிமை கடந்த படைப்புகளைத் திரட்டி இலவசமாக வழங்கும் இணைய நூலகம் 2006 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றதன் பின்னர், பீற்றோவனும் சூபேட்டும் எவர் வீட்டிலும் வந்திறங்குகின்றனர்.

அடுத்தது ஓய்வுகளைக் கற்றல். சுரங்களைக் கற்போர் பலர், மௌனத்தைக் கற்போர் சிலர். முப்பது நாற்பது தாளக்கட்டங்கள் வாளாவிருந்து, பின்னர் ஒரே சுரத்துடன் நுழைய வேண்டிய இடங்கள் துளைக்கருவிப் பகுதிகளில் ஏராளம். விரல்விட்டு எண்ணுதல் மாத்திரம் போதாது. எண்ணுபவன் எங்கோ தவறுவான். நுழைவதற்கு முன்னர் எக்கருவி என்ன வாசிக்கின்றது என்பதைக் கேட்டறிந்து, பகுதித்தாளிற் பென்சிலாற் குறித்துக்கொள்பவன் தவறான். பீற்றோவனின் ஐந்தாவது சிம்பொனியில் பிக்கலோவும் இரட்டைப் பசூனும் முதல் மூன்று பாகங்களிலும் வாய் திறப்பதில்லை. மூன்றாம் பாகம் இடைவெளியின்றி நான்காவதினுட் பாயும்போதே அவற்றின் வேளை வருகின்றது. அதுவரை மடியிற் குளிர்ந்து கிடந்த கருவியின் சுருதி தாழ்ந்திருக்கும். ஆகையால் ஓசையெழாமல் மூச்சுக்காற்றைச் செலுத்திக் கருவியைச் சூடாக்கிக்கொள்ளும் கணத்தையும் பிக்கலோ வாசிப்பவன் முன்கூட்டியே குறித்துவைத்தல் வேண்டும். வாசியாதிருக்கும் நேரமும் வாசிப்பின் பகுதியே.

மூச்சும் அவ்வாறே. புளூற் கலைஞனுக்குக் காற்றுப் போதாமையே இடர். ஓபோ கலைஞனுக்கோ காற்று மிகுதியே இடர். நுண்ணிய துளைவழியே சிறிதளவே வெளியேற, எஞ்சிய பழங்காற்று நெஞ்சை அழுத்தும். அவன் உள்ளிழுக்குமிடத்தை மட்டுமன்றி வெளிவிடுமிடத்தையும் குறித்தல் வேண்டும். மேடையில் மூச்சுமுட்டும் தருணத்தில் அவ்விடத்தைத் தேடுபவன் மெட்டின் நடுவே அதனை முறிப்பான்.

சீவாளி பற்றித் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நாதஸ்வரத்தைப் போன்று ஓபோவும் பசூனும் இரட்டைச் சீவாளி உடையவை; கிளாரினெற் ஒற்றைச் சீவாளி உடையது. ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப நாளுக்குநாள் குணம் மாறும் இத்தட்டையைக் கச்சேரியன்று புதிதாகப் பொருத்துபவன் தன் தலைவிதியை அதனிடம் ஒப்படைக்கின்றான். இரண்டு மூன்றைச் சில வாரங்களுக்கு முன்னரே ஊதிப் பதப்படுத்தி வைத்தல் வேண்டும். நாதஸ்வர வித்துவானின் வாத்தியத்திற் கோவையாகத் தொங்கும் சீவாளிகள் இவ்வறிவைக் கண்முன் காட்டுவன.

கிளாரினெற் வாசிப்போருக்கு மற்றுமொரு பொறுப்பு உண்டு. அக்கருவி எழுதிய சுரத்தில் ஒலிப்பதில்லை. பி பிளாற் கிளாரினெற் எழுதியதிலும் ஒரு முழுச்சுரம் தாழ்ந்தும், ஏ கிளாரினெற் ஒன்றரைச் சுரம் தாழ்ந்தும் ஒலிக்கும். முற்றுப்பெறாத சிம்பொனியின் முதற்பாகம் ஏ கிளாரினெற்றுக்கு எழுதப்பட்டது. பி பிளாற் கருவி மாத்திரம் உள்ள அமெச்சூர்க் கலைஞன் ஒவ்வொரு சுரத்தையும் அரைச்சுரம் இறக்கி வாசித்தாக வேண்டும். ஒத்திகையில் இதனை உணர்ந்து திடுக்கிடுபவனை நோக்கி நெறியாளர் புன்னகைக்கலாம். அருகிலிருக்கும் ஓபோ கலைஞன் புன்னகைக்கமாட்டான்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே விரல்களின் வேலை. அதுவும் பகுதி முழுவதையும் தொடக்கம் முதல் இறுதிவரை மீளமீள வாசிப்பதன்று. உண்மையிற் கடினமானவை ஒரு பகுதியிற் சில தாளக்கட்டங்களே. அவற்றைப் பிரித்தெடுத்து, பிழை நுழைய முடியாத அளவுக்கு வேகத்தைக் குறைத்து நாள்தோறும் சிறிது நேரம் பயிலுதல் போதும். நேரமற்றவனுக்கு உகந்த வழி இதுவே. அமெச்சூர்க் கலைஞனிடம் கேட்கப்படுவது தொழின்முறைக் கலைஞனின் நாள் முழுவதுமான பயிற்சியன்று. தன்னிடமுள்ள சிறு பொழுதை அறிந்து செலவிடுதலே கேட்கப்படுகின்றது.

இவ்வாறெல்லாம் வற்புறுத்தினால் இன்பம் அற்றுப்போகும் என்பர் சிலர். எவ்வின்பம் அற்றுப்போகும்? தட்டுத்தடுமாறி இறுதிச் சுரத்தை எல்லோரும் ஏறத்தாழ ஒருங்கே எட்டிவிட்ட களிப்பே அவர்கள் குறிப்பதாயின், அது தப்பிப் பிழைத்தவனின் களிப்பு. இசையின் இன்பம் வேறு. முற்றுப்பெறாத சிம்பொனியின் இரண்டாம் பாகத்தில் கிளாரினெற் நெடிய மெட்டொன்றைத் தனித்து வாசித்து முடிக்க, ஓபோ அதனை ஏற்றுத் தொடர்கின்றது. முன்னவன் விட்ட மூச்சிலிருந்தே பின்னவன் எடுப்பது போன்று அது அமைதல் வேண்டும். தன் விரல்களைப் பற்றிய அச்சத்தில் மூழ்கியிருக்கும் ஓபோ கலைஞனின் செவியில் அக்கிளாரினெற் விழுவதே இல்லை. ஆயத்தம் பெற்றவனே அச்சம் நீங்கிக் கேட்கின்றான். கேட்பவனே இன்பம் பெறுகின்றான்.

மேதைமை ஆயத்தத்தை ஈடுசெய்யும் எனக் கருதுவோருக்கு 1808 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆம் நாள் இரவு விடையளிக்கும். வியன்னாவில் ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகள் முதன்முதலாக ஒலித்த அக்கச்சேரி ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் நீடித்தது. ஒத்திகை போதவில்லை. இறுதியில் வாசிக்கப்பட்ட பாடற்குழுக் கற்பனையின் நடுவே குழு சிதற, பீற்றோவனே வாசிப்பை நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டியதாயிற்று. படைப்பாளனே மேடையிலிருந்தும் ஆயத்தமின்மையை மூடிமறைக்க இயலவில்லை.

இங்கு கலைஞர்களை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. பகுதித்தாள்களை முதல் ஒத்திகையிலேயே வழங்கும் குழு நிருவாகிகளும், அமெச்சூர்களுக்கு இது போதும் எனத் தட்டிக்கொடுக்கும் நெறியாளர்களும், கைதட்டலைத் தருமமாக வழங்கும் அவையினரும் இவ்வலட்சியத்தின் பங்காளிகளே. இது போதும் எனும் சொல் அன்பின் சொல்லன்று. மாபெரும் கலை ஒரு சாராருக்கே உரியது, ஏனையோர் அதன் நிழலோடு விளையாடலாம் என்பதே அதன் உட்பொருள். அதனை மகிழ்ந்து ஏற்கும் அமெச்சூர்க் கலைஞன் தன் இழிவைத் தானே ஒப்புக்கொள்கின்றான்.

இவ்விவாதம் இலங்கைக்குப் புறம்பானதன்று. 1958 ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கப்பெற்ற சிம்பொனி இசைக்குழு, இசையால் மட்டும் பிழைப்பு நடாத்தாதோரின் உழைப்பையும் கொண்டு வளர்ந்த ஒன்று. பல்கலைக்கழக நாடக மேடைகளும் இசை அரங்குகளும் ஊதியமற்றோரின் முயற்சிகளே. அங்கெல்லாம் இதே கேள்வி எழுகின்றது. கலையைச் சந்தைக்கு வெளியே வாழவைக்கக் கூடியவர்கள் இவர்களே. ஊதியத்தின் கட்டாயம் இன்றியே உழைக்க மனிதனால் இயலும் என்பதை மெய்ப்பிக்கும் வாய்ப்பு இவர்களுக்கே உண்டு. உழைக்காது விடுவார்களாயின், கூலியின்றி எவனும் எதனையும் செம்மையாகச் செய்யான் என்று கூறும் வணிக அறிவுக்கு இவர்களே சாட்சியாவர்.

வியன்னாவில் ஒதுக்கிவைக்கப்பட்ட அச்சிம்பொனியின் இரண்டாம் பாகத்தில், நரம்புக்கருவிகள் சிறிது நடந்துகாட்டிய பின்னர், ஓபோ தனது மெட்டைத் தொடங்குகின்றது. ஓர் இருக்கை, ஒரு சீவாளி, ஒரு மூச்சு. இன்று எத்தனையோ ஊர்களில் ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் அவ்விருக்கையில் அமர்கின்றனர். சூபேட் பொதுமேடையிற் கேளாது மறைந்த அம்மெட்டை வாசிக்க வருபவன், ஒத்திகை மண்டபத்துக்கு வருமுன் தன் வீட்டில் அச்சுரப்பிரதியை விரித்துப் பார்த்திருத்தல் வேண்டும். கேட்கப்படுவது அவ்வளவே, அதற்குக் குறைந்தது எதனையும் நேசம் என அழைத்தல் தகாது.